சொந்தக் காரில் மேற்பயிற்சி: பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்த சிலவற்றையும் அந்தந்த இடத்தில் சேர்த்திருக்கிறேன்.)



விஷயம் உங்களுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் நம் வளாகத்துக் கார்கள் இரண்டு, மூன்று வார இடைவெளியில், ஈரச் சாலையில் சறுக்கி இடித்தன. ஒன்றில் பம்பரோடு போயிற்று. மற்றொன்றில் சி பிளாக் அம்மா ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, இன்னும் பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இரண்டு காரையும் ஓட்டியவர்கள் பத்து வருடத்துக்கு மேல் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள். அதற்குப் பிறகுதான் நம் இளைஞர்கள், "அங்கிள், சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்க பெர்ஃபார்மன்ஸ் டிரைவிங் கற்றுக்கொள்ளலாம், குரூப்பாகப் போனால் கட்டணம் குறையும்" என்று ஆரம்பித்தார்கள். பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். மூன்று இடங்களிலிருந்து கொட்டேஷன் வந்தது. அதை என் கையில் கொடுத்து, "நீங்கள் பேங்க்கில் இருந்தவர், சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்றார் செயலாளர். முப்பத்தைந்து வருடம் வவுச்சர் பார்த்த கை. கொட்டேஷனையும் அப்படித்தான் பார்த்தேன். இரண்டு இடங்களுக்கு நேரில் போய் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தும் பார்த்தேன். ஒன்றில் என் காரையும் ஓட்டினேன்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது ரேஸ் பள்ளிக்கூடம் இல்லை. ரேஸ் பள்ளிக்கூடம் என்று தனியாக இருக்கிறது. நம் ஊருக்கு அதில் பெரிய பெயரும் இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்குச் சோழவரம் ஞாபகம் இருக்கும். யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் வருடாவருடம் ரேஸ் நடக்கும், பஸ் பிடித்துப் போய் வெயிலில் நின்று பார்ப்போம். அதை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பித்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் போட்டார்கள், 1990-ல் திறந்தது, ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரில் இன்னொன்று இருக்கிறது. இவற்றில் நடக்கும் ரேஸ் பயிற்சிகளில் பெரும்பாலும் அவர்களுடைய ஒற்றை இருக்கைக் காரில் உட்கார வைப்பார்கள். பக்கத்தில் ஆசிரியர் உட்கார இடமே கிடையாது. அந்த வழியில் வந்துதான் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். நமக்கு அது வேண்டாம். நாம் போகப்போவது ஆபீசுக்கும், திண்டிவனம் மாமியார் வீட்டுக்கும்.

அதனால்தான் சொந்தக் கார் என்பது முக்கியம். வாடகைக்கு எடுத்த வேகக் காரில் ஒரு நாள் ஓட்டினால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மறுநாள் உங்கள் காலுக்குக் கீழே இருப்பது உங்கள் வண்டியின் பிரேக்தான். அது எவ்வளவு ஆழம் போகும், முழுக்க அழுத்தினால் எப்படி அதிரும், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினால் முன்சக்கரம் கேட்காமல் நேராக இழுத்துக்கொண்டு போகும், இதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். என் பழைய மாருதியில் ஏ.பி.எஸ். இருக்கிறது என்று வாங்கிய நாளிலிருந்து தெரியும். அது வேலை செய்வதைக் காலில் உணர்ந்தது பதினொரு வருடத்தில் அன்றுதான். பெடல் காலுக்குக் கீழே தடதடவென்று உதைக்கும், கரகரவென்று சத்தம் வரும். எதோ உடைந்துவிட்டது என்று நினைத்துக் காலை எடுக்கத் தோன்றும். எடுக்கக் கூடாது, அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பலாம். 2019 ஏப்ரலிலிருந்து விற்பனையாகும் எல்லாக் காரிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்திப் பார்க்காமல் வைத்திருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். நான் நாற்காலி போட்டுப் பார்த்த இடத்தில் வந்திருந்த ஒன்பது பேரில், முதல் முயற்சியில் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தியவர் ஒருவர்கூட இல்லை. மூன்றாவது நாலாவது தடவையில்தான் எல்லோருக்கும் கால் வந்தது.

இந்த ஒரு பாடத்துக்காகவே போகலாம் என்பது என் அபிப்பிராயம். கணக்கைப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை. 80 கி.மீ. வேகத்தில் போகிறவர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே 33 மீட்டர் போயிருப்பார், பிறகு நிற்க இன்னொரு 36 மீட்டர், மொத்தம் 69. அதே இடத்தில் 100-ல் போகிறவருக்கு 42-உம் 56-உம், மொத்தம் 98 மீட்டர். இருபது கி.மீ. வேகம்தானே கூட என்று தோன்றும். ஆனால் 80-ல் வந்தவர் முழுசாக நின்றுவிட்ட அந்த 69-ஆவது மீட்டரில், 100-ல் வந்தவர் இன்னும் 70 கி.மீ. வேகத்துக்கு மேல் போய்க்கொண்டிருப்பார். இதைப் பேப்பரில் போட்டுக் காட்டினால் என் மகன்கூடச் சிரிக்கிறான். கூம்பு வைத்து, அவனுடைய காரிலேயே நிறுத்தச் சொல்லிப் பார்த்தால் சிரிக்க மாட்டான். (100-ல் யாரும் பயிற்சி கொடுக்க வேண்டாம். 40, 60, இடம் இருந்தால் 80, அது போதும்.)

இப்போது ஏ பிளாக் நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "இதையெல்லாம் கற்றுக் கொடுத்தால் பையன் இன்னும் வேகமாகத்தானே போவான்?" நியாயமான கேள்வி, சும்மா தட்டிக் கழிக்க முடியாது. பனி கொட்டும் நாடுகளில் இதைப் பரீட்சித்தே பார்த்திருக்கிறார்கள். நார்வேயில் சறுக்குத் தளத்தில் பயிற்சி எடுத்தால்தான் லைசென்ஸ் என்று விதி கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு கணக்கெடுத்தால், இளம் ஆண்கள் சறுக்குச் சாலையில் விபத்துக்குள்ளாவது குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. காரணம் என்ன என்றால், சறுக்கினால் சமாளிக்க எனக்குத் தெரியும் என்ற தைரியம். பின்லாந்திலும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பிறகு ஸ்வீடன் பாடத்தின் நோக்கத்தையே மாற்றிக்கொண்டது. சறுக்கிய வண்டியைத் திருப்பிப் பிடிக்கும் வித்தையைக் குறைத்து, எந்த வேகத்தில் வண்டி உன் பேச்சைக் கேட்காது என்பதைக் காட்டுவதை அதிகமாக்கினார்கள்.

இதுதான் நான் கொட்டேஷன்களைப் பிரித்ததற்கு முதல் அளவுகோல். ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தாளில் "டிரிஃப்ட் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்சக்கரத்தைப் புகையவிட்டு வண்டியைச் சுழற்றுவது. அதை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். நம் வீட்டுக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை, அதில் டிரிஃப்ட்டுக்கு என்ன வேலை? உங்கள் பிள்ளை எங்கே சேர விரும்பினாலும், நாள் முடிவில் அவனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று அந்த ஆசிரியரிடம் கேளுங்கள். "சார், இனி அவர் எந்த வளைவிலும் பயப்பட மாட்டார்" என்றால் வேண்டாம். "இந்த வண்டி ஈரத்தில் எவ்வளவு சீக்கிரம் கைமீறும் என்று பார்த்துவிட்டு வருவார்" என்றால் உட்கார்ந்து மேலே பேசலாம்.

இனி பணம். மூன்றில் மிகவும் மலிவானதையே நம் குழு தேர்ந்தெடுத்திருக்கும், அதுதான் இயல்பு. கொட்டேஷனில் உள்ள தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பேன். ஒரு வகுத்தல் கணக்கு போடுங்கள். மொத்தக் கட்டணத்தை, ஆசிரியர் உங்கள் காரில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நிமிடங்களால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்: ஓரிடத்தில் 8,000 ரூபாய், ஓர் ஆசிரியருக்கு ஆறு கார். இன்னோரிடத்தில் 15,000, ஓர் ஆசிரியருக்கு இரண்டு கார். இரண்டு இடத்திலும் பேச்சு, சாப்பாடு, டீ போக, வண்டி ஓடும் நேரம் நாலு மணி, அதாவது 240 நிமிடம். முதல் இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது 40 நிமிடம், நிமிடத்துக்கு 200 ரூபாய். இரண்டாவதில் 120 நிமிடம், நிமிடத்துக்கு 125 ரூபாய். எது மலிவு? மீதி நேரமெல்லாம் மற்றவர் ஓட்டுவதைப் பார்த்துக் கற்கலாமே என்பார்கள். கொஞ்சம் கற்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நீச்சலைக் கரையில் நின்று எவ்வளவு நேரம் பார்ப்பது?

"ஓர் ஆசிரியருக்கு எத்தனை கார்" என்ற கேள்விக்கு மூன்று கொட்டேஷனில் ஒன்றில்கூட எழுத்தில் பதில் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். ஒருவர் "அது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது" என்றார். அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். எழுத்தில் வாங்குங்கள், ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மழை வந்து ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதியா என்பதையும்கூட. ஆனால் ஒன்று: லேசான மழைக்காக ரத்து செய்கிற இடம் நமக்கு எதற்கு? ஈரத்தில்தானே நமக்குப் பாடம் வேண்டும். நல்ல இடத்தில் தண்ணீர் லாரி வைத்துத் தரையை நனைத்தே சொல்லித் தருகிறார்கள்.

கட்டணத்தோடு செலவு முடியாது. முழு நாள் திடீர் பிரேக்கும் வளைவும் என்றால் பெட்ரோல் சாதாரண நாளைவிடப் பல மடங்கு குடிக்கும். டயர் கொஞ்சம் தேயும், பிரேக் பேட் தேயும். முன்கூட்டி ஒரு செக்கப், பிறகு ஒரு வீல் அலைன்மென்ட். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுங்கள். பதினான்கில் மூன்று பேர் இந்தக் கூட்டலைப் பார்த்ததும் விலகினார்கள், அதில் தப்பே இல்லை.

அடுத்தது இன்சூரன்ஸ். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கார் பாலிசியை எடுத்து, சர்டிஃபிகேட்டில் "லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்" என்ற பத்தியைத் தேடுங்கள். பொடி எழுத்தில் இருக்கும். இந்தியாவில் சொந்தக் காருக்கான பாலிசி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கூலிக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், பந்தயத்துக்கு வேகம் காட்டி முன்னால் ஓடுவது, வேகச் சோதனை, வண்டியின் தாங்குதிறன் சோதனை, மோட்டார் வியாபாரம் தொடர்பான உபயோகம், இவற்றுக்குப் பாலிசி செல்லாது. மோட்டார் வாகனச் சட்டத்திலேயே, மூன்றாம் நபருக்கான பொறுப்பிலிருந்து கம்பெனி விலகிக்கொள்ள வாதிடக்கூடிய காரணங்களில் பந்தயமும் வேகச் சோதனையும் இருக்கின்றன. அதாவது உங்கள் வண்டிக்கு ஆன சேதம் மட்டும் இல்லை, அடுத்தவர் மேல் மோதினால் வரும் நஷ்ட ஈடும் உங்கள் தலையில் விழலாம்.

மூடிய மைதானத்தில் பிரேக் போடப் பழகுவது பந்தயமா? இல்லை என்று நான் சொல்வேன். கிளெய்ம் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்வார் என்பதுதான் கேள்வி. அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, பயிற்சிக்கு முன்பே உங்கள் கம்பெனிக்கு ஈமெயில் அனுப்பி, தேதி, இடம், பயிற்சியின் தன்மை எல்லாம் சொல்லி, கவர் உண்டா இல்லையா என்று கேளுங்கள். பதில் "இல்லை" என்று வந்தால் தெரிந்தே போகிறீர்கள். ஏஜென்ட் வாயால் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்வது பதில் ஆகாது. இரண்டு, பயிற்சி நடத்துகிறவரிடம் "ஸ்டாப்வாட்ச் உண்டா?" என்று கேளுங்கள். நேரம் குறித்து, யார் வேகம் என்று பலகையில் எழுதுகிற இடமாக இருந்தால், அது வேகச் சோதனை இல்லை என்று நீங்கள் எப்படி வாதாடுவீர்கள்? போகட்டும், இன்சூரன்ஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். பலகையில் பெயர் ஏறிய நிமிடத்திலிருந்து பிள்ளைகள் பாடத்தை மறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையனை ஜெயிக்கப் பார்ப்பார்கள். நான் பார்த்த இரண்டாவது இடத்தில் காலையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வகுப்பு, மதியம் வாட்ச்சை எடுத்ததும் கெட்டுப்போனதைக் கண்ணால் பார்த்தேன். கூம்புகள் பறந்தன.

உங்கள் உயிருக்கான பாலிசிகளையும் பாருங்கள். கார் பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் ஓனர்-டிரைவர் கவர் அந்தப் பாலிசியின் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டதுதான். தனியாக எடுத்த விபத்துப் பாலிசியிலும், ஆயுள் காப்பீட்டோடு சேர்ந்த விபத்து ரைடரிலும் மோட்டார் பந்தயத்தை விலக்கி வைப்பது வழக்கம். கார் கம்பெனியின் வாரண்டிப் புத்தகத்திலும் பந்தயம், ராலி என்று இருக்கும். இந்தத் தாள்களை எல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் படித்துவைத்திருக்க வேண்டும். பொதுவாக அது வீட்டு அம்மாவாக இருப்பது நல்லது, அவர்கள்தான் முழுசாகப் படிப்பார்கள்.

அங்கே போனதும் கையெழுத்துக்கு ஒரு படிவம் நீட்டுவார்கள். அதில் என்ன நடந்தாலும் நடத்துகிறவர் பொறுப்பல்ல என்று இருக்கும். இது எல்லா இடத்திலும் உண்டு, இதற்காகக் கோபித்துக்கொண்டு வர வேண்டாம். ஆனால் அந்தப் படிவத்தை ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தடுப்புச் சுவரோ, இன்னொருவர் காரோ சேதமானால் யார் தருவது என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். சின்னக் கீறல் என்றால் கையிலிருந்து செலவழித்துவிடுவது உத்தமம். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்துவைத்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸை ஒரு கதவுக்காக இழக்க வேண்டாம்.

இடம் பற்றி. பந்தயத் தடமாக இருந்தாக வேண்டும் என்று இல்லை. பெரிய, காலியான, மேடு பள்ளமில்லாத மைதானம் போதும், சில பாடங்களுக்கு அதுதான் மேல். ஆனால் விளக்குக் கம்பம், நடைபாதைக் கல், மதில் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. 60-ல் பிரேக் போட்டு நிற்க நல்ல தரையில் 20 மீட்டர் போதும். ஈரத் தரையில் 35 மீட்டர் பிடிக்கும். அதற்கு அப்பாலும் குறைந்தது அதே அளவு காலியிடம் வேண்டும், ஏனென்றால் ஒருவராவது பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதிப்பார். இட உரிமையாளரின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா, ஆம்புலன்ஸ் நிற்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா, மிக அருகிலுள்ள ஆஸ்பத்திரி எது என்று கேளுங்கள். ஆம்புலன்ஸ் "கூப்பிட்டால் வரும்" என்றால் எனக்குச் சரிப்படாது.

இதோடு சேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை. ஞாயிறு அதிகாலை நாலரை மணிக்கு நம் பேஸ்மென்ட்டிலிருந்து மூன்று நாலு கார் சேர்ந்து கிளம்பி ஈ.சி.ஆர். போவது எல்லோருக்கும் தெரியும். "காலி ரோடு அங்கிள், பிராக்டிஸ்தான்" என்கிறார்கள். பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் வேகப் போட்டி நடத்துவதும் கலந்துகொள்வதும் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஒரு வருடம், 10,000. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் மீன் கூடை வைத்த டி.வி.எஸ். வரும், தெருநாய் வரும், கோலம் போட வாசலுக்கு வரும் பெண்கள் இருப்பார்கள். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. அந்தப் பையன்களை எனக்குக் குழந்தையிலிருந்து தெரியும். அவர்களைத் திட்டி நிறுத்த முடியாது என்றும் தெரியும். பதினான்கு பேரில் அவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் நான் இந்த வேலையை ஒப்புக்கொண்டேன்.

ஆசிரியர் யார்? கோப்பைகளைக் காட்டினால் மயங்க வேண்டாம். நன்றாக ஓட்டுகிறவர் நன்றாகச் சொல்லித் தருவார் என்று என்ன கட்டாயம்? எங்கள் கிளையில் கண்ணை மூடிக்கொண்டு கேஷ் டேலி செய்யும் கேஷியர் ஒருவர் இருந்தார், புதிதாக வந்த பையன்களுக்குச் சொல்லித்தரச் சொன்னால் பாதியில் பேனாவைப் பிடுங்கித் தானே எழுதிவிடுவார். உங்கள் காரில் ஆசிரியர் பக்கம் பிரேக் கிடையாது என்பதை மறக்காதீர்கள். டிரைவிங் ஸ்கூல் வண்டி மாதிரி அவர் காலால் காப்பாற்ற முடியாது, வாயால்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் நல்ல ஆசிரியர் முன்னதாகவே பேசுகிறார், சின்ன வார்த்தைகளில் பேசுகிறார், கத்துவதில்லை. நான் ஓட்டிய இடத்தில் அந்தத் தம்பி நாள் முழுக்கச் சொன்னது பாதிக்கு மேல் ஒன்றுதான்: "சார், கூம்பைப் பார்க்காதீங்க, போக வேண்டிய இடத்தைப் பாருங்க." எதைப் பார்க்கிறோமோ கை அங்கேதான் திருப்பும். இடிக்கக் கூடாது என்று லாரியையே பார்த்துக்கொண்டிருந்தால் லாரிக்கே போவோம். இதை அறுபத்தாறு வயதில் ஒருவர் சொல்லிக் கேட்டுக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இல்லை.

வரிசையும் முக்கியம். உட்காரும் விதத்தில் ஆரம்பித்தால் நல்ல இடம். முதுகு சீட்டில் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை முழுக்க அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். பிறகு நேர்க்கோட்டில் பிரேக், பிறகு பிரேக்கோடு விலகிப்போவது, பிறகு கூம்புகளுக்கு நடுவே வளைவு, பிறகு ஈரத் தரை. தடத்தில் சுற்று ஓடுவது இருந்தால் கடைசியில். வந்ததும் ஹெல்மெட்டை மாட்டிச் சுற்றுக்கு அனுப்புகிற இடம் படம் எடுத்துப் போடுவதற்குத்தான் ஆகும். ஆசிரியரே உங்கள் காரை வாங்கி வேகமாக ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள். சேர்வதற்கு முன் ஒரு மணி நேரம் வந்து வேடிக்கை பார்க்கலாமா என்று கேளுங்கள். நான் கேட்ட மூவரில் இருவர் உடனே சரி என்றார்கள்.

வண்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம் தயாரானது. நம் பேஸ்மென்ட்டில் போன வாரம் ஒரு நடை போய்ப் பார்த்தேன். மெருகு குறையாத கார்களில்கூட எட்டு வருட டயர்கள் நிற்கின்றன. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் எங்கேயும் ஓட்டக் கூடாது, பயிற்சிக்கு அதைவிட நிறையவே வேண்டும். அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது என்பது தரம். ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 155 வரை இறங்கும். திரும்பத் திரும்ப அழுத்தி பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கொடைக்கானல், ஊட்டி இறக்கத்துக்கும் இதேதான். டிக்கியைக் காலி செய்யுங்கள், ஸ்டெப்னியை இறுக்கிக் கட்டுங்கள், கால்மிதியை எடுத்துவிடுங்கள், கதவுப் பையில் உள்ள தண்ணீர் பாட்டிலையும். பாட்டில் உருண்டு பிரேக்குக்கு அடியில் போவது கதை இல்லை. உயரமான எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள், கூம்பு வளைவுக்குத் தங்களுக்குத் தனி வேகம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வண்டிகள் சறுக்குவதோடு நிற்காமல் சாயவும் செய்யும்.

பெண்கள் பெயர் கொடுப்பதில்லை என்று ஒரு குறை. பதினான்கில் இரண்டே பேர். தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போவது யார் என்று கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைக் கேட்டால் சொல்வார். பயிற்சிக்கு அனுப்புவது மட்டும் மகனை. என் மருமகள் பெயரை நான் அவளைக் கேட்டுவிட்டே எழுதியிருக்கிறேன். மூத்தவர்களும் வரலாம். எனக்கு வேகம் எல்லாம் வரவில்லை, ஆனால் இடுப்பு பெல்ட்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு காலை முழுக்க அழுத்த அறுபத்தாறிலும் முடிகிறது. இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள், கழுத்து வலிக்காரர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

முடிவாக, மூன்று கொட்டேஷனில் நடுவில் உள்ள தொகைக்காரரைச் செயற்குழுவுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். ஓர் ஆசிரியருக்கு இரண்டே கார் என்று எழுதித் தந்திருக்கிறார், ஸ்டாப்வாட்ச் கிடையாது, ஆம்புலன்ஸ் நாள் முழுக்க நிற்கும், தரையை நனைத்துச் சொல்லித்தருவார். சங்க நிதியிலிருந்து ஒரு ரூபாயும் இதற்குப் போகாது, அவரவர் பணம், அவரவர் கையெழுத்து. சங்கம் பெயரைத் தொகுத்துக் கொடுப்பதோடு சரி. இதைத் தீர்மானத்திலும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

விலகியவர்கள் போக இப்போது பதினோரு பேர். இன்னும் ஓர் இடம் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நானும், மெக்கானிக்கல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற பி பிளாக் நண்பரும் பேஸ்மென்ட்டில், தூண் எண் 12 பக்கத்தில் இருப்போம். டயர் தேதியும் பட்டன் ஆழமும் பார்த்துத் தருகிறோம். பாலிசி நகலைக் கையோடு கொண்டுவாருங்கள், அந்தப் பொடி எழுத்துப் பத்தியைச் சேர்ந்து படித்துவிடலாம். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது.